ஒரு கையொப்பத்தின் விலை



நியாயத்துக்காக ஒருவர் நஷ்டப்பட்டார் என்று கேள்விப்படும்போது, "அதனால் யாருக்கு என்ன லாபம்?" என்றுதான் நம்மில் பலர் முதலில் கேட்கிறோம். கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. நாம் குடும்பம் நடத்துகிறவர்கள். அரிசி என்ன விலை, பள்ளிச் சம்பளம் எவ்வளவு, மாதக் கடைசியில் கையில் என்ன மிஞ்சும் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். ஆகவே எதற்கும் வரவு செலவு பார்க்கிறோம். பார்க்க வேண்டியதுதான். ஆனால் மனச்சாட்சியின் காரியங்களுக்கும் இந்தக் கணக்குப் பொருந்துமா? இவ்வாரம் இதைச் சற்று நிதானமாய் யோசிப்போம்.

வெறும் பேச்சாக யோசிப்பதைவிட, உண்மையாய் நடந்த ஒரு சரித்திரத்தை முன்னே வைத்துக்கொண்டு யோசிப்பது நலம். செக்கோஸ்லோவாக்கியா என்று ஐரோப்பாவில் ஒரு தேசம் இருந்தது. 1993-ஆம் ஆண்டில் அது செக் குடியரசு என்றும் ஸ்லோவாக்கியா என்றும் இரண்டாகப் பிரிந்தது. ஒன்றாயிருந்த காலத்தில் அத்தேசத்தின் பெரும் விளையாட்டு வீரர்கள் இருவர் ஒரே அறிக்கையில் கையொப்பமிட்டார்கள். ஒருவர் எந்த நெருக்கடியிலும் அதை வாபஸ் வாங்கவில்லை. மற்றவர் மூன்று ஆண்டுகளுக்குப் பின் பணிந்துபோனார். இருவரையும் அறிந்துகொண்டால் நமது கேள்விக்கு விடை காண்பது எளிதாகும்.

கையொப்பமும் படையெடுப்பும்

முதலாமவர் வேரா சாஸ்லவ்ஸ்கா என்னும் பெண்மணி. 1942-ஆம் ஆண்டில் பிராக் நகரில் பிறந்தவர். ஜிம்னாஸ்டிக்ஸ் வித்தையில் அவருக்கு இணையானவர் அக்காலத்தில் அரிது. 1964-ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் பந்தயங்களில் மூன்று தங்கப் பதக்கங்கள் பெற்று, உலகமெங்கும் பெயர் விளங்கினார். அவருடைய நாட்டில் அவரை அறியாத குழந்தை இல்லை.

அக்காலத்தில் செக்கோஸ்லோவாக்கியாவைக் கம்யூனிஸ்டுக் கட்சி ஆண்டுவந்தது. 1968-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அலெக்ஸாண்டர் டூப்செக் என்பவர் கட்சித் தலைமைக்கு வந்ததும் கட்டுகள் தளர்ந்தன. பத்திரிகைகள் சுதந்திரமாய் எழுதின. ஜனங்கள் அச்சமின்றிப் பேசினார்கள். அவ்வாண்டு ஜூன் 27-ஆம் தேதி, லுட்விக் வட்சுலிக் என்னும் எழுத்தாளர் எழுதிய "இரண்டாயிரம் சொற்கள்" என்ற அறிக்கை பத்திரிகைகளில் வெளியாயிற்று. தொடங்கிய சீர்திருத்தத்தைப் பாதியில் விட்டுவிடாமல் ஜனங்களே முன்வந்து நிறைவேற்ற வேண்டும் என்பது அதன் சாரம். வேராவும் அதில் கையொப்பமிட்டார்.

இரண்டு மாதங்கூட ஆகவில்லை. ஆகஸ்டு 20-ஆம் தேதி இரவில் சோவியத் யூனியனும் அதன் கூட்டு நாடுகளும் டாங்கிகளோடு உள்ளே புகுந்தன. கையொப்பமிட்டவர்களுக்கு ஆபத்து நேர்ந்தது. வேரா மொராவியா மலைப்பகுதியில் ஒளிந்துகொண்டார். மெக்ஸிகோ ஒலிம்பிக் பந்தயத்துக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. அங்கே பயிற்சிக்கூடம் ஏது? மரக்கிளையைக் கம்பியாகக் கொண்டு ஊஞ்சலாடினார். உருளைக்கிழங்கு மூட்டைகளைத் தூக்கினார். உள்ளங்கை காய்ப்பு ஏறுவதற்காக நிலக்கரி அள்ளினார். கடைசி நேரத்தில்தான் மெக்ஸிகோ செல்ல அவருக்கு அனுமதி கிடைத்தது.

மெக்ஸிகோவில்

அங்கே அவர் நான்கு தங்கமும் இரண்டு வெள்ளியும் வென்றார். அவற்றுள் தரைப் பயிற்சிக்குரிய தங்கத்தை ஒரு சோவியத் பெண்ணோடு சமமாகப் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. அந்தப் பெண்ணின் மதிப்பெண் பிறகு உயர்த்தப்பட்டதால் வந்த சமம் அது. இன்னொரு போட்டியில் சோவியத் பெண் முதலாவதாகவும் வேரா இரண்டாவதாகவும் வந்தார்கள். இரண்டு தடவையும் பரிசு மேடையில் சோவியத் கீதம் ஒலித்தது. அவருடைய நாட்டுத் தெருக்களில் அன்னியப் படைகள் நின்றுகொண்டிருந்தன. கீதம் ஒலித்த இரண்டு தடவையும் வேரா தலையை வலப்புறம் திருப்பித் தாழ்த்திக்கொண்டார்.

அவ்வளவுதான். கூச்சல் இல்லை, வசை இல்லை, பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு எந்த அவமரியாதையும் இல்லை. அந்தப் பெண்ணா படை அனுப்பினாள்? வேரா முகம் திருப்பியது ஓர் அநீதிக்கு எதிராக; எந்த மனுஷருக்கும் எதிராக அல்ல. நியாயத்துக்காக நிற்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அகப்பட்டவரையெல்லாம் ஏசுகிறவர்கள் இதைக் கவனிப்பார்களாக.

கேட்டது ஒரே ஒரு வாக்கியம்

ஊர் திரும்பியதும் தண்டனை தொடங்கிற்று. இருபத்தாறே வயதில் அவருடைய விளையாட்டு வாழ்வு முடிந்தது. அயல்நாடு செல்லத் தடை. பயிற்சி அளிக்கும் வேலையும் நெடுங்காலம் மறுக்கப்பட்டது. ஒலிம்பிக்கில் ஏழு தங்கம் வென்றவர், கற்ற வித்தையைச் சிறுமிகளுக்குச் சொல்லிக்கொடுக்கக்கூட வழியின்றி ஆண்டுக்கணக்காய் இருந்தார். 1979 முதல் 1981 வரை மெக்ஸிகோவில் பயிற்சி தர அனுமதி கிடைத்தது. மற்றபடி, 1989-ஆம் ஆண்டின் இறுதியில் அந்த ஆட்சி விழும்வரை அவர் ஒதுக்கப்பட்டவராகவே இருந்தார். கணக்கிட்டால் இருபத்தொரு ஆண்டுகள்.

இதில் முக்கியமானது ஒன்றுண்டு. இந்தத் துன்பத்திலிருந்து விடுபட அவருக்கு வழி இல்லாமலில்லை. கதவு திறந்தேயிருந்தது. கையொப்பத்தை வாபஸ் வாங்கினால் போதும் என்றார்கள். "நான் அறியாமல் செய்துவிட்டேன்" என்று ஒரு வாக்கியம்! கொலை செய்யச் சொல்லவில்லை, திருடச் சொல்லவில்லை. ஒரு காகிதத்தில் ஒரு வரி. அவர் மறுத்துவிட்டார்.

இங்கேதான் நமது கேள்வி எழுகிறது. அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? இப்படிக் கேட்கிறவர்கள் சாதாரணமாய் மூன்று நியாயங்களைச் சொல்வார்கள். ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

மூன்று நியாயங்கள்

"இவள் ஒருத்தி மறுத்ததனால் டாங்கிகள் திரும்பிப் போயினவா?" என்பது முதல் நியாயம். போகவில்லை, மெய்தான். ஆனால் எதிர்க்கேள்வி ஒன்று கேட்போம். டாங்கிகளும் சிறைகளும் போலீசும் தன் கையில் இருந்தபோது, அந்த ஆட்சி ஒரு பெண்ணின் ஒரு வரிக்காக ஏன் அவ்வளவு பாடுபட்டது? ஏனென்றால் பொய்க்குப் பலம் மட்டும் போதாது. அதற்குச் சாட்சிகள் வேண்டும். ஜனங்கள் மதிக்கிற ஒருவர் முன்வந்து "ஆம், இதுவே சரி" என்று சொன்னாலன்றிப் பொய்யால் நிம்மதியாய் உட்கார முடியாது. ஆகவே அந்தக் கையொப்பம் அற்பமானதன்று என்பதற்கு, அதை வாபஸ் வாங்கச் சொன்னவர்களே சாட்சி. "இதனால் என்ன ஆகும்?" என்று நாம் எண்ணும் இடத்தில், எதிரில் நிற்பவன் எதை அவ்வளவு ஆவலாய்க் கேட்கிறான் என்று பார்த்தால் அதன் விலை விளங்கிவிடும்.

"உதட்டால் ஒன்று சொல்லிவிட்டு உள்ளத்தில் வேறு வைத்துக்கொள்ளலாமே" என்பது இரண்டாவது நியாயம். இது நமக்கெல்லாம் மிகப் பிரியமானது. ஆனால் சொல் எதற்காக இருக்கிறது? பிறர் கேட்பதற்காக. என் உள்ளத்தில் இருப்பது எனக்கு மட்டும் தெரியும். என் சொல்லையோ ஊரார் எடுத்துக்கொண்டு போகிறார்கள். வேரா வாபஸ் வாங்கியிருந்தால், மறுநாள் பத்திரிகை படித்த ஒரு தொழிலாளி என்ன நினைத்திருப்பான்? "அவரே சொல்லிவிட்டார், நான் எம்மாத்திரம்?" என்றுதானே? கீர்த்தி பெற்றவருடைய சொல் அவர் ஒருவருக்கு மட்டும் சொந்தமன்று. அவரை நம்பினவர்களின் பங்கும் அதில் கலந்திருக்கிறது. ஒரு வீட்டில் தகப்பனுடைய சொல்லும் அப்படியே.

"குடும்பம் என்று ஒன்று இருக்கிறதே, பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?" என்பது மூன்றாவது. இதுவே கனமான நியாயம். இதை லேசாய்த் தள்ளிவிடுகிறவனுக்குக் குடும்பபாரம் தெரியாது. அந்த ஆண்டுகளில் வேராவும் இரு பிள்ளைகளின் தாயானார். பெற்றோருக்குப் பிள்ளைகளைக் காப்பாற்றும் கடமை உண்டு; அது சர்வேசுரன் ஏற்படுத்திய கடமை. ஆகவே குடும்பத்துக்காக ஒருவன் எவ்வளவோ விட்டுக்கொடுக்கலாம். பதவியை விடலாம், அவமானத்தைச் சகிக்கலாம், பேச விருப்பமிருந்தும் மௌனமாய் இருக்கலாம். தனக்குச் செய்யப்பட்ட அநியாயத்தை மன்னித்து மறந்தும் விடலாம். இவையெல்லாம் கோழைத்தனமாகா. ஆனால் மௌனமாய் இருப்பதற்கும் பொய்ச்சாட்சி சொல்வதற்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. எட்டாம் கற்பனை அந்தக் கோட்டின்மேல்தான் எழுதப்பட்டிருக்கிறது. தான் நியாயமென்று நம்பியதை அநியாயம் என்று கையெழுத்திட்டுக் கொடுப்பதும், தன்னோடு நின்றவர்களைக் குற்றவாளிகள் என்று சொல்வதும் கோட்டுக்கு அப்புறம் உள்ளவை. பிள்ளைகளுக்குச் சோறு தரக் கடமைப்பட்ட நாம், அவர்களுக்கு நம்பத்தக்க ஒரு தாயையும் தகப்பனையும் தரவும் கடமைப்பட்டிருக்கிறோம்.

பிடிவாதம் வேறு

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவனெல்லாம் மனச்சாட்சிக்காக நிற்கிறவன் ஆகமாட்டான். வித்தியாசம் காண்பது எப்படி? அவனுடைய உறுதியின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். பிடிவாதக்காரன் தன் வீம்புக்குரிய விலையைப் பெண்சாதி பிள்ளைகளிடமும் அண்டை வீட்டாரிடமும் வசூலிப்பான். மனச்சாட்சிக்காக நிற்பவன் முதலில் தன் கையிலிருந்து கொடுப்பான். மேலும், அவன் பிறர் சொல்லைக் கேட்பான், யோசிப்பான், தான் தவறியிருக்கக்கூடுமோ என்று தன்னையே விசாரிப்பான். அப்படி விசாரித்த பிறகும் உண்மை என்று கண்டதை விடமாட்டான். மனச்சாட்சி என்பது நம் இஷ்டத்துக்கு இட்ட பெயரன்று. நம் இஷ்டத்துக்கு விரோதமாகவும் பேசும் ஒரு குரல் அது.

பணிந்துபோன மனிதர்

இனி இரண்டாமவரைப் பார்ப்போம். எமில் ஸாடோபெக் என்னும் பெயரை ஓட்டப் பந்தய உலகம் என்றும் மறவாது. 1922-ஆம் ஆண்டில் பிறந்தவர். ஸ்லின் நகரத்துச் செருப்புத் தொழிற்சாலையில் வேலை செய்த வாலிபர். 1948-ஆம் ஆண்டில் லண்டனில் பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தில் தங்கம் பெற்றார். 1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில் ஐயாயிரம் மீட்டர், பத்தாயிரம் மீட்டர், மராத்தான் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். அதற்கு முன் அவர் மராத்தான் ஓடியதே இல்லை!

அவர் கோழை என்று எவரும் சொல்ல முடியாது. ஹெல்சிங்கிக்குப் புறப்படும் வேளையில், யுங்விர்ட் என்னும் சக ஓட்டக்காரரை, அவர் தகப்பனார் அரசியல் கைதி என்ற காரணத்தால் அனுப்ப மறுத்தார்கள். "அவர் வராவிட்டால் நானும் வரமாட்டேன்" என்று ஸாடோபெக் நின்றுவிட்டார். மற்ற வீரர்களின் விமானம் போய்விட்டது, இவர் அசையவில்லை. கடைசியில் அதிகாரிகளே இணங்கி இருவரையும் அனுப்பினார்கள். பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க், பல உலக சாதனைகள் படைத்தும் ஒலிம்பிக் தங்கம் கிட்டாத வீரர், பிராக் நகருக்கு வந்திருந்தபோது, வழியனுப்பும் வேளையில் தாம் வென்ற தங்கப் பதக்கம் ஒன்றையே அவர் கையில் கொடுத்தனுப்பினார். இப்படிப்பட்ட மனிதர் அவர்.

"இரண்டாயிரம் சொற்கள்" அறிக்கையில் அவரும் கையொப்பமிட்டார். படைகள் வந்தபோது பிராக் வீதியில் நின்று அந்தச் சோவியத் சிப்பாய்களிடமே வாதாடினார். பலன் யாது? ராணுவத்தில் கர்னலாயிருந்தவர் பதவி இழந்தார், கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். மண்ணைத் துளையிட்டு ஆராயும் ஒரு நிறுவனத்தில் கூலியாளைப்போல் வேலை. ஊர் ஊராய்ச் சென்று, வண்டிக் கூண்டிலே தங்கி, மனைவியை எப்போதாவது பார்த்துவரும் வாழ்க்கை. 1971-ஆம் ஆண்டில் கட்சிப் பத்திரிகையில் அவருடைய வார்த்தைகள் வெளியாயின: 1968-இல் தாம் கொண்ட நிலை தவறு என்று. அதற்குக் கிடைத்த சலுகையும் பெரிதல்ல. பின்னர் பிராக் நகரில் அயல்நாட்டு விளையாட்டுப் பத்திரிகைகளைப் படித்துக் குறிப்பெடுக்கும் ஒரு மேஜை வேலை. அவரை நேசித்தவர்களில் பலர் மனம் கசந்தார்கள்.

வாசகர்களே, இவரை நாம் என்ன சொல்வோம்? பணிந்தது தவறில்லை என்று சொன்னால், பணியாமல் நின்றவருடைய இருபத்தொரு ஆண்டுகளுக்கு மதிப்பில்லாமல் போகும். "சீ, கோழை" என்று சொன்னாலோ, 1952-இல் தோழனுக்காகத் தன் புகழையே பணயம் வைத்தவரை நாம் மறந்தவர்களாவோம். அவருடைய வண்டிக் கூண்டில் ஒரு குளிர்கால இரவைக்கூடக் கழிக்காத நாம், சாய்வு நாற்காலியில் அமர்ந்து தீர்ப்புச் சொல்லுகிறவர்களாகவும் ஆவோம். இவரிடமிருந்து நாம் கற்க வேண்டியது வேறு. தைரியம் பானையில் சேர்த்துவைத்த தானியமன்று. நேற்று இருந்தது என்பதற்காக இன்றும் இருக்கும் என்று நினைக்கக்கூடாது. ஒவ்வொரு சோதனைக்கும் அதைப் புதிதாய்க் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது.

பழைய திருச்சபையின் பாடம்

நம் திருச்சபைக்கு இந்தக் காரியம் புதிதன்று. கி.பி. 250-ஆம் ஆண்டில் ரோமைச் சக்கரவர்த்தி தேசியுஸ், எல்லோரும் தேவர்களுக்குப் பலி செலுத்தி அத்தாட்சிச் சீட்டு வாங்க வேண்டும் என்று கட்டளையிட்டான். சிலர் மறுத்து வேதசாட்சிகளானார்கள். வேறு பலர் பயந்து பலி செலுத்தினார்கள். இன்னும் சிலர் பலி செலுத்தாமலே பணம் கொடுத்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். "உள்ளத்தில் விசுவாசம் இருக்கிறது, காகிதம்தானே" என்ற அதே நியாயம்!

கலாபனை ஓய்ந்ததும், தவறினவர்கள் கண்ணீரோடு திரும்பி வந்தார்கள். என்ன செய்வது? நொவாசியான் என்னும் ரோமைக் குரு, அவர்களை ஒருபோதும் சேர்க்கலாகாது என்று கடுமை பேசிப் பிரிந்துபோனார். "ஒன்றும் நடக்கவில்லை, வாருங்கள்" என்று சுலபமாய்ச் சேர்க்கச் சொன்னவர்களும் இருந்தார்கள். கார்த்தாகோ மேற்றிராணியாரான அர்ச். சிப்ரியான் இரண்டையும் ஏற்கவில்லை. அவரே அந்தக் கலாபனையின்போது மறைந்திருந்தவர். பயம் என்ன என்பது அவருக்குத் தெரியும். தவறு தவறே; ஆயினும் மனஸ்தாபப்பட்டுத் தவம் செய்கிறவர்களுக்குக் கதவை அடைக்கலாகாது என்ற வழியைத் திருச்சபை பற்றிக்கொண்டது. 258-ஆம் ஆண்டில் சிப்ரியான் தாமே வேதசாட்சியாய்த் தலை கொடுத்தார். மூன்று முறை மறுதலித்த அர்ச். இராயப்பரிடமே மந்தையை ஒப்படைத்த ஆண்டவருடைய திருச்சபை வேறெவ்விதமாய் நடக்கும்?

நம் வீட்டில்

நம்மை ஒலிம்பிக் மேடையில் ஏற்றி யாரும் சோதிக்கப் போவதில்லை. ஆனால் கையொப்பம் கேட்டு நம்மிடமும் வருகிறார்கள். நடக்காத வேலை நடந்ததாக ஒரு ரசீது. இல்லாத வருமானத்துக்கோ, இருக்கும் வருமானத்தை மறைப்பதற்கோ ஒரு சான்றிதழ். குற்றமற்ற ஒரு சக ஊழியன்மேல் எழுதப்பட்ட ஒரு புகார். "எல்லோரும் போட்டுவிட்டார்கள், நீங்கள் மட்டும்தான் பாக்கி" என்று பேனாவை நீட்டுவார்கள். அந்த நிமிஷத்தில் பக்கத்தில் பிள்ளை நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம். அவன் அன்று கற்பதை ஞானோபதேச வகுப்பில் பத்து வருஷம் சொல்லியும் அழிக்க முடியாது.

பெற்றோர்களே, பெரிய சோதனை வரும் நாளில் உறுதியாய் இருப்போம் என்று காத்திராதேயுங்கள். மலையில் மரக்கிளையைப் பிடித்துக் கை காய்த்துப்போன அப்பெண்மணியைப்போல, சிறு காரியங்களில் தினம் தினம் கையைக் காய்க்க வைத்துக்கொள்ளுங்கள். கணக்குச் சரியாகக் கொடுப்பது, தவறாய் வந்த சில்லறையைத் திருப்பிக் கொடுப்பது, வீட்டில் இருந்துகொண்டே "இல்லை என்று சொல்" என்று பிள்ளையிடம் சொல்லாதிருப்பது, பயிற்சிக்கூடம் இதுதான். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் எங்கேயாவது வளைந்துவிட்டார் என்று தெரிந்தால், நின்றவரின் கதையைத் தடியாக எடுத்து அவரை அடிக்காதேயுங்கள். அவர் நிமிர்வதற்குக் கை கொடுங்கள்.

முடிவாக ஒன்று. 1989-ஆம் ஆண்டில் ஆட்சி மாறிற்று. வேரா மீண்டும் ஜனங்கள் முன் தோன்றினார்; ஜனாதிபதி ஹாவெலுக்கு ஆலோசகரானார்; தம் நாட்டு ஒலிம்பிக் கமிட்டிக்குத் தலைமை வகித்தார்; 2016-ஆம் ஆண்டு தம் எழுபத்துநாலாம் வயதில் காலமானார். ஸாடோபெக்கிடமும் 1990-ஆம் ஆண்டில் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. 2000-ஆம் ஆண்டில் அவர் இறந்தபோது, பிராக் நகரத் தேசிய நாடக அரங்கில் தேசமே அவருக்கு இறுதி மரியாதை செய்தது. ஜனங்கள் நின்றவரையும் மறக்கவில்லை, வளைந்தவரையும் கைவிடவில்லை.

ஆனால் 1989 என்ற ஆண்டு வராமலே போயிருந்தால்? கையொப்பத்தைக் காத்து, விடியலைக் காணாமலே கண்மூடியவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குப் பாராட்டும் இல்லை, பதவியும் இல்லை. "அதனால் யாருக்கு என்ன லாபம்?" என்ற கேள்வியை அவர்களுடைய கல்லறையண்டையில் நின்று கேட்டுப் பாருங்கள். உண்மை தன் பக்கம் நிற்பவனுக்குச் சம்பளம் தருவதாக என்றும் வாக்களித்ததில்லை. ஆயினும் அவன் தன் பிள்ளைகளின் முகத்தைக் கண் தாழ்த்தாமல் பார்க்கலாம். இரவில் சர்வேசுரனுக்கு முன்பாக முழந்தாளிடும்போது ஒளிக்க வேண்டியது ஒன்றும் இராது. அடுத்த தடவை யாராவது நம்மிடம் ஒரு காகிதத்தை நீட்டும்போது, கீழே பெயரை எழுதுமுன் அதை ஒரு முறை முழுதும் வாசிப்போம்.